எட்டாவது மாடி வழக்கு

ஏசி சொட்டுகிறதென்று
தாராவியிலிருந்து வந்த இசக்கிமுத்து
வெளிப்பெட்டியின் பின்னால் கைவிட்டு
"கூடு இருக்குக்கா" என்றார்.
முட்டை இல்லை, குஞ்சும் இல்லை.
டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.
எடுத்துவிடுங்கள் என்றவளும் நான்தான்.

செய்தித்தாளில் பரப்பிப் பார்த்தோம்.
துணி மாட்டும் கம்பி ஆறு,
செப்புக் கம்பி ஒரு பிடி,
யார் காதிலிருந்தோ அறுந்த இயர்போன்,
மூக்குக்கண்ணாடியின் ஒற்றைக் கால்.
நடுவில் மட்டும்
தேங்காய் நாரும் மெத்தைப் பஞ்சும்
கிண்ணமாக அழுந்தியிருந்தன.
செம்பூரில் சுள்ளிக்கா பஞ்சம் என்றேன்.
"கம்பிதான் காத்துக்கு நிக்கும்"
சொல்லிக்கொண்டே
செப்பை மட்டும் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு பத்துக்கு
உச்சந்தலையில் விழுந்தது முதல் அடி.

கூட்டைப் பிடுங்கிய கையை விட்டுவிட்டு
வெளிச்சம் பிடித்த முகத்தைக் குறித்துவைத்திருக்கின்றன.
துப்பட்டா போட்டேன், தெரிந்துகொண்டன.
கறுப்புக்கண்ணாடிக்கும் மசியவில்லை.
ஸ்டேஷன் வாசல் வடாபாவ் வண்டிக் காக்கை
என் கூட்டைப் பார்த்ததேயில்லை
(என் கூடு என்றா சொன்னேன்?)
அதுவும் குரல் கொடுத்தது.

அதன்பிறகு திரைச்சீலைக்குள்ளிருந்துதான் எல்லாம்.
ஊரார் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிற பிழைப்பு எனக்கு;
இடையிடையே இவர்கள் கணக்கு.
சாம்பல் கழுத்துக்காரி ஒருத்தி, விரல் வளைந்தவள்,
பாவ் துண்டை ஜன்னல் கட்டை இடுக்கில் செருகி
மேலே ஒரு இலையை மூடி
இரண்டு பக்கமும் பார்த்தாள்.
இன்னொன்று பார்த்துவிட்டது தெரிந்ததும்
எடுத்து வேறெங்கோ கொண்டுபோனாள்.
கூப்பிட்டுப் பகிர்ந்து உண்ணும் என்று
பள்ளியில் படித்ததற்கு
இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

டிராம்பே குன்றுப் பக்கமிருந்து
எப்போதாவது ஒரு அண்டங்காக்கை வரும்,
முழுக் கறுப்பு, அரிவாள் கனத்தில் அலகு.
சாம்பல் கழுத்துகள் ஒன்றுகூடி விரட்டும்.
போரிவலிக் காட்டில் ஒருமுறை
நீள வாலாட்டிக்கொண்டிருந்த செம்பழுப்புப் பறவையை
இதுவும் காக்கைக் குடும்பம்தான் என்றார்கள்.
நம்பவில்லை,
அது பழத்தைக் கவ்விவந்து
மரப்பட்டைக்குள் ஒளித்துவைக்கும்வரை.

ஜூலை மழையில்
டிரான்ஸ்பார்மரில் ஒன்று கருகி விழுந்தது.
எங்கிருந்து வந்தன அத்தனையும்!
பத்து நிமிடம் தெருவே கிழிந்தது.
பிறகு சட்டென்று
ஒன்றும் வாய் திறக்கவில்லை.
சோப்பு வாங்க இறங்கிப் போய்த் திரும்பினேன்.
அன்று மட்டும் அடியில்லை.

பித்ரு பட்சத்தில்
மேல்மாடி சுலபா கர்கானிஸ்
இலையில் சோறும் வடையும் வைத்துக் கூப்பிட்டாள்.
தண்ணீர்த் தொட்டி விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து
ஒன்றும் இறங்கவில்லை.
கணவருக்கு ஏதோ மனக்குறையென்று
அவள் காற்றிடம் ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டாள்:
புனே வீட்டைப் பற்றி இனிப் பேசமாட்டேன்,
உன் தங்கையிடம் நானே போய்ப் பேசுகிறேன்,
ஸ்கூட்டரை விற்கமாட்டேன், சரியா,
விற்கவே மாட்டேன்.

நேர் கீழே
துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன் நான்.

உள்ளே போய்த் திரையை இழுத்தேன்.
அப்போதும் வரவில்லை.
கடைசியில் அந்த டிராம்பேக் கறுப்பு
தாழப் பறந்து வந்து வடையைக் கவ்விப் போனது.
அதற்கும் எனக்கும் வழக்கு எதுவும் இல்லை.
"அவர் குரலும் இப்படித்தான், கனமா"
என்று படியில் வைத்துச் சொன்னாள் சுலபா.
நான் எதுவும் சொல்லவில்லை.

ஸ்கூட்டர் கீழேயே நிற்கிறது.
ஏப்ரலில் அதன் சீட்டைக் கிழித்து
விரல் வளைந்தவள்
மஞ்சள் பஞ்சு பிய்த்துக்கொண்டிருந்தாள்.
என் கொடியில் இரண்டு ஹேங்கர் குறைகிறது.
ஏசி மறுபடி சொட்டுகிறது.
கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன்.